சாய்கோடு தின்ற பதினொரு பெயர்கள்

புது வேலையிடத்தின் அடையாள அட்டை இன்று காலை கைக்கு வந்தது. வாங்கியவுடன் கழுத்தில் மாட்டிக்கொள்ளும் ஆள் நான் இல்லை என்று உனக்குத் தெரியும். திருப்பித் திருப்பிப் பார்த்தேன். படம் என்னுடையதுதான். அரசாங்கம் கொடுத்த ஐசியின் எண்ணும் சரி. ஆனால் என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில், இன்னார் மகள் என்று சொல்வதற்காகப் பிறந்ததிலிருந்து நிற்கும் அந்த 'ஏ/பி'யில் சாய்ந்த கோட்டைக் காணோம். 'ஏபி' என்று ஒட்டி அடித்திருந்தார்கள். ஐசியில் ஒரு மாதிரி, அட்டையில் ஒரு மாதிரி இருந்தால் நாளைக்கு யாராவது 'இது நீங்கள் இல்லை' என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? நேராகப் பதிவகத்துக்குப் போனேன். அங்கே இருந்த மலாய்க்கார அம்மா சிரித்தார். இங்கே யார் பெயரிலும் அந்தக் கோடு கிடையாது, முன்பு உங்கள் இடத்தில் இருந்த கெமாஸ்காரப் பெண் வந்து சண்டை போட்டு எல்லாப் பெயரிலிருந்தும் அதை எடுக்க வைத்துவிட்டாள் என்றார். உன் பெயரையும் சொன்னார். நான் அட்டையை மாட்டிக்கொண்டு என் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தேன். என் இருக்கை என்று பழக்கத்தில் சொல்கிறேன், அது உன்னுடையது.

நீ போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. நான் உனக்குக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. சிரம்பானில், தெமியாங்கில் ஒரே வாடகை அறையில் ஆறு வருடம் இருந்தபோது எழுத வேண்டிய அவசியம் வரவில்லை. அதற்குப் பிறகு நமக்குள் பேச்சே இல்லை. இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நேராகச் சொல்ல வாய் வராது, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன், பொறுத்துக்கொள்.

இந்த வேலைக்கு நான் மனுப் போடவே இல்லை. 'கற்றல் தொழில்நுட்ப அதிகாரி பதவி வெகுநாளாகக் காலியாக இருக்கிறது, நேர்காணலுக்கு வர முடியுமா' என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. ஏமாற்று வேலை என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்காமல் வேலை கொடுக்கிறவன் நல்லவனாக இருப்பானா? மின்னஞ்சலில் இருந்த எண்ணை விட்டுவிட்டு, பல்கலைக்கழகத்தின் பொது எண்ணைத் தேடிப் பிடித்து மூன்று தடவை அழைத்தேன். மூன்று தடவையும் மூன்று வேறு ஆட்கள் உண்மைதான் என்றார்கள். அதற்குப் பிறகும் பழைய காடியைத் துடைத்து ஓட்டிக்கொண்டு போகும்போது, வாசலில் யாராவது 'முன்பணம் கட்டுங்கள்' என்பார்களோ என்று பார்த்துக்கொண்டேதான் போனேன். நேர்காணலில் பிரிவுத் தலைவர், முனைவர் பட்டம் வாங்கிய ஒரு சீன டாக்டர், கோப்பைத் திறந்தார். நீ சிகிச்சைக்குப் போகுமுன் எழுதிக் கொடுத்த தாள் உள்ளே இருந்தது. 'நான் திரும்பி வராவிட்டால் இவளைக் கூப்பிடுங்கள். எதையும் மூன்று தடவை திறந்து பார்க்காமல் நம்பமாட்டாள்' என்று எழுதியிருந்தாய். டாக்டர் அதைப் பாராட்டாகப் படித்தார். நான் அப்படிப் படிக்கவில்லை. நான் உனக்குச் செய்ததற்கு நீ என் பெயரை எழுதுவாயா? இதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், நாம் சேர்ந்து வேலை செய்த பழைய கல்லூரியை விட்டு இங்கே வந்தது சம்பளத்துக்காக இல்லை. நீ ஏன் அப்படி எழுதினாய் என்று கண்டுபிடிக்கத்தான் வந்தேன்.

எனக்கு 'சிஐடி' என்று பெயர் வைத்தது நீதான். சிரம்பானில் அந்தக் கல்லூரியின் மின்கற்றல் பிரிவில் நாம் சேர்ந்த முதல் மாதமே வைத்துவிட்டாய். "ஏய் சிஐடி, பசியாறிட்டியா?" என்று காலையில் கேட்பாய். சாப்பிட்டுவிட்டேன் என்றால், "சாட்சி இருக்கா?" என்பாய். எந்த மின்னஞ்சல் வந்தாலும் நான் படம் பிடித்து வைத்துக்கொள்வதை நீ கேலி செய்யாத நாள் இல்லை. உனக்கு எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே செய்ய வரும். எனக்கு அது வராது. கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது, ஆப்பிஸில் இருந்து வந்த தாளில் 'வீடு கட்டிக் கொடுக்கும்வரை இங்கேயே இருக்கலாம்' என்று தோட்டத்து எழுத்தரான கிராணி வாசித்துக் காட்ட, அப்பா நம்பிக் கையெழுத்துப் போட்டார். தாளின் பின்பக்கம் வேறு எழுதியிருந்தது. ஆறு மாதத்தில் சாமான்களை லோரியில் ஏற்றினோம். அன்றிலிருந்து நான் எந்தத் தாளையும் பின்பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பேன்.

அந்த மதியம் உனக்கு நினைவிருக்கும். ஒரு மாணவி நம் முகப்புக்கு வந்து அழுதுகொண்டு நின்றாள். யோகேஸ்வரி. இடுபணிக் கட்டுரையை நேரத்தோடு அனுப்பியும் 'ஒப்படைக்கவில்லை' என்று சுழியம் போட்டிருக்கிறார்கள், விரிவுரைஞரிடம் கேட்டால் கணினியில் ஒன்றும் இல்லை, பொய் சொல்லாதே என்கிறார் என்றாள். அனுப்பியதற்குக் கைபேசியில் படம் இருக்கிறது என்று நீட்டினாள். நான் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "இந்த மாரி படத்த யார் வேணும்னாலும் பண்ணலாம்மா" என்று சொன்னேன். அவள் முகம் போன போக்கு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. நீ என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளை உட்கார வைத்தாய். விரிவுரைஞர் மொத்தமாக இறக்கி வைத்த கோப்புகளைத் திறந்து, பெயர் பெயராகக் கீழே போனாய்.

அவள் பெயரில் ஒரு கோப்புறை இருந்தது. 'யோகேஸ்வரி ஏ' என்பதோடு பெயர் நின்றுவிட்டது. அதைத் திறந்தால் கட்டுரை இல்லை, இன்னொரு கோப்புறை. அதன் பெயர் 'பி சுப்ரமணியம்'. அதற்குள்ளே அவள் எழுதிய பன்னிரண்டு பக்கமும் அப்படியே இருந்தது. கணினிக்குச் சாய்ந்த கோடு என்றால் 'இங்கே உள்ளே ஒரு புது உறை போடு' என்று அர்த்தம். பெயரின் நடுவில் இருந்த கோட்டைப் பார்த்து அது பெண்ணை ஒரு பக்கமும் அப்பாவை ஒரு பக்கமுமாக வெட்டி, கட்டுரையை அப்பாவுக்குள் ஒளித்து வைத்துவிட்டது. மதிப்பெண் போடும் செயலி முதல் உறையை மட்டும் பார்த்து 'காலி' என்று சொல்லிவிட்டது.

"கோடு தின்னுடுச்சு பாருலா," என்று நீ சொன்னாய்.

மலாய்ப் பிள்ளைகள் பெயரில் கோடு கிடையாது, சீனப் பிள்ளைகள் பெயரிலும் கிடையாது. நம் பிள்ளைகளிலும் பதிவகத்தில் கோடு போடாமல் அடித்த பெயர்கள் தப்பித்திருந்தன. மற்றவர்களுடையது, பையன்களின் 'ஏ/எல்'லும் சேர்த்து, மாட்டிக்கொண்டது. இரண்டு நாள் உட்கார்ந்து பழைய கோப்புகளை எல்லாம் திறந்தோம். இரண்டு செமெஸ்டரில் பதினொரு பேர். பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள். சிலர் அதே பாடத்தைத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பையன் படிப்பையே விட்டுவிட்டான். "மெஷின் சொன்னா நம்புவாங்க, புள்ளைங்க சொன்னா நம்ப மாட்டாங்க," என்று நீ சொன்னபோது, அது என்னையும் சேர்த்துத்தான் என்று எனக்குப் புரிந்தது. கோபமும் வந்தது.

பட்டியலை மேடமிடம் கொண்டுபோனோம். நம் பிரிவின் தலைவரான மேடம் அதைப் படிக்கும்போதே கதவைச் சாத்தச் சொன்னார். இனிமேல் இப்படி நடக்காமல் சரி செய்யுங்கள், முடிந்த முடிவுகளைத் தொட வேண்டாம், தொட்டால் கல்லூரியின் பெயர் கெடும் என்றார். நம் கண்முன்னால் பட்டியலை அழிக்க வைத்தார். பிறகு தானே அவசரமாக ஒரு தாள் அடித்துக் கொண்டுவந்தார். பணியில் இருக்கும் காலத்தில் உள்விவகாரம் எதையும் வெளியே சொல்வதில்லை என்று அதில் இருந்தது. நான் வழக்கம்போலப் பின்பக்கத்தைப் பார்த்தேன். நீ முன்பக்கத்தைப் படித்துவிட்டு மேடமிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். பணியில் இருக்கும் வரைக்கும்தானே என்று. ஆமாம் என்றார். நீ சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாய். வேறு யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நான் கவனித்திருக்க மாட்டேன். இவள் எதற்கோ பேரம் பேசுகிறாள் என்றுதான் உன்னைப் பற்றி அன்றைக்கு நினைத்தேன்.

ஒரு மாதம் கூட ஆகவில்லை. தெமியாங் அறையில் நீ சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாய்.

"நான் பெர்ஹெந்தி பண்ணிட்டேன்லா," என்றாய்.

"வேலைய விட்டுட்டியா? எங்க போறே?"

"யூனிவர்சிட்டி ஒண்ணு. கெடைச்சிருச்சு."

"எப்ப அப்ளை பண்ணே? சொல்லவே இல்ல?"

நீ காலரைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாய். "ஏன் சிஐடி, கேஸ் தொறக்கிறியா?"

நான் சிரிக்கவில்லை. மறுநாள் அச்சு இயந்திரத்தில் மேடம் உனக்கு எழுதிய நற்சான்றுக் கடிதம் வந்து விழுந்ததைப் பார்த்தேன். அவ்வளவு புகழ்ச்சியை மேடம் யாருக்கும் எழுதி நான் பார்த்ததில்லை. பதினொரு பிள்ளைகளை விற்று நல்ல வேலை வாங்கிக்கொண்டாள் என்று முடிவு கட்டினேன். நம் பட்டியலை ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, அதைக் காட்டித்தான் மேடமை மடக்கியிருப்பாய் என்றும் நினைத்தேன். அது என்றைக்காவது வெளியே வந்தால் நீ அங்கே இருப்பாய், மாட்டிக்கொள்வது நானாக இருக்கும். பயந்தேன். ஆனால் பயம் மட்டும் இல்லை. ஆறு வருடம் ஒரே அறையில் படுத்து எழுந்தவள் என்னிடம் சொல்லாமல் செய்துவிட்டாளே என்கிற ஆத்திரம்தான் அதிகம். நீ விலகும் வாரத்தில் நான் மேடமிடம் போனேன். அவள் வெளியே போகும்போது பையைச் சோதித்துப் பாருங்கள் என்று சொன்னேன்.

இதைத்தான் சொல்ல வந்தேன். அன்றைக்கு உன் பையைத் திறக்க வைத்தது நான்.

நான் மாடிப்படியின் கண்ணாடி ஓரத்தில் நின்று பார்த்தேன். கீழே வரவேற்புக் கூடத்தில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் பார்க்க, நேப்பாளிக் காவலாளி உன் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். சாப்பாட்டு டப்பா, துண்டு, குடை, திருநீற்றுப் பொட்டலம், நீ மற்றவர் கண்ணில் படாமல் வைத்திருக்கும் பெண்கள் சாமான். சின்ன நோட்டுப் புத்தகம் ஒன்றைப் புரட்டினார். தமிழ் எழுத்து என்பது மட்டும் மேலிருந்து தெரிந்தது, அவருக்கு என்ன புரியும், மூடித் திருப்பிக் கொடுத்தார். பென்டிரைவ் ஒன்றும் இல்லை. நீ அவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாய். எல்லாவற்றையும் நிதானமாகத் திரும்ப அடுக்கினாய். பிறகு நிமிர்ந்து மாடிப்படியைப் பார்த்தாய். நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். நீ என்னைப் பார்த்தாயா இல்லையா என்று இன்றுவரை தெரியாது. அந்த வாரமே தெமியாங் அறையைக் காலி செய்தாய். இஸ்திரிப் பெட்டியை எனக்கு விட்டுவிட்டுப் போனாய். அதையும் ஒரு குத்தலாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில், சுழியம் வாங்கிய பிள்ளைகளிடமிருந்து ஒவ்வொன்றாக மேல்முறையீட்டுக் கடிதம் வரத் தொடங்கியது. மேடம் என்னைக் கூப்பிட்டார். 'நீ வெளியே சொன்னாயா?' என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன். அவளோடு தொடர்பு இருக்கிறதா என்றார். அவளோடு பேச்சே இல்லை என்றேன். மேடம் என் முகத்தை வெகுநேரம் பார்த்தார். பிறகு போகலாம் என்றார். நம்பிவிட்டார். யார் சொல்லியிருப்பார்கள் என்று அப்போது நான் பதிவகத்து ஆளைக்கூடச் சந்தேகப்பட்டேன். உன் பெயர் மட்டும் என் தலையில் வரவில்லை. உன்னைத்தான் விலைபோனவள் என்று ஒதுக்கி வைத்துவிட்டேனே.

நீ நீண்ட விடுப்பில் இருக்கிறாய் என்று கேள்விப்பட்டபோது, அடுத்த வேலைக்கு ஏற்பாடு செய்கிறாள் போல என்று நினைத்தேன். இதையும் எழுதிவிடுகிறேன், ஒளித்து என்ன ஆகப்போகிறது. இறந்த செய்தி வாட்ஸ்அப்பில் வந்தபோது அதைக்கூட இன்னொருவரிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன். கெமாஸுக்கு வந்து சேர்ந்தபோது உன்னை எடுத்துவிட்டார்கள். இரயில் பாதை ஓரத்தில் உங்கள் வீட்டு முன்னால் கூடாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் மட்டும் இருந்தன. உன் தம்பி தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நீங்கதானே தெமியாங்?" என்று கேட்டான். அந்தக் கேள்வியில் என்ன இருக்கிறது என்று சிரம்பான் வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே காடி ஓட்டினேன். அழுகை அதற்கு அடுத்த வாரம்தான் வந்தது, அதுவும் இஸ்திரி போடும்போது.

இங்கே சேர்ந்து மூன்றாவது வாரம். கேன்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். எதிரே ஒரு பெண் வந்து நின்றாள். நூலக முகப்பில் வேலை செய்யும் பெண் என்று சட்டையைப் பார்த்துத் தெரிந்தது.

"அக்கா, நீங்கதானே சிஐடி?"

"யார் சொன்னா?"

"பாத்தீங்களா, ஒடனே யார் சொன்னான்னு கேக்குறீங்க. ஒங்க கூட்டாளி அக்கா சொன்ன மாரியே இருக்கீங்க." உட்கார்ந்துகொண்டாள். "என்னைத் தெரில? என் போன்ல இருந்த படத்த நம்பாம திருப்பிக் குடுத்தீங்களே."

யோகேஸ்வரி. நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

அவள் சொல்லித்தான் தெரிந்தது. பழைய கல்லூரியில் உன் கடைசிச் சம்பள நாள் முடிந்த மறு வாரமே நீ அவளை அழைத்திருக்கிறாய். கையெழுத்துப் போட்ட தாள் பணியில் இருக்கும் வரைக்கும்தான், இப்போது நான் பணியில் இல்லை என்று சொல்லியிருக்கிறாய். ஒவ்வொருவராகத் தேடி, ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு வீடாகப் போய், மேல்முறையீடு எழுத வைத்து, உன் ஐசி எண்ணோடு சாட்சிக் கடிதமும் கொடுத்திருக்கிறாய். கல்லூரி சத்தம் போடாமல் மதிப்பெண்ணைத் திருத்திவிட்டது. வேலை மாறியதற்கு நான் கண்டுபிடித்த காரணம் ஒன்று, நீ வைத்திருந்த காரணம் வேறொன்று. மேடமின் புகழ்ச்சிக் கடிதத்துக்கு என்ன காரணமோ தெரியாது. நீ போனால் போதும் என்று எழுதியிருப்பார்.

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன்க்கா. 'அவகிட்ட மட்டும் சொல்லிறாதீங்க. கேட்டா அவளுக்குப் பொய் சொல்ல வராது. அவ இன்னும் அங்கதான் வேலை செய்றா'ன்னாங்க."

அன்றைக்கு மேடம் என் முகத்தைப் பார்த்து நம்பியது இதனால்தான். எனக்கு ஒன்றும் தெரியாமல் இருந்ததுதான் என் வேலையைக் காப்பாற்றியது. யோகேஸ்வரி இதைச் சொல்லிவிட்டு, நான் நெகிழ்ந்துபோவேன் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். என் புத்தி எங்கே போனது தெரியுமா? பையைத் திறக்க வைத்தவள் யார் என்று உனக்குத் தெரிந்திருந்தால், நீ என்னிடம் சொல்லாததற்கு வேறு காரணமும் இருக்கும். சின்னப் பெண்ணிடம் நல்லவிதமாகச் சொல்லி வைத்திருப்பாய். என்னைக் காப்பாற்றினாயா, என்னை நம்பவில்லையா? இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கலாம். கோப்பில் என் பெயரை எழுதிய காரணத்தைக் கண்டுபிடிக்க வந்தவள் நான். இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

மறுநாள் அவள் ஒரு நோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். மருத்துவமனைக்குப் போகுமுன் நீ அவளிடம் கொடுத்ததாம். பார்த்தவுடன் தெரிந்துவிட்டது, காவலாளி புரட்டிய அதே நோட்டு. முதல் பக்கத்தில் பதினொரு பெயர், உன் உருண்டைத் தமிழில், ஒவ்வொன்றுக்கும் த/பெ போட்டு அப்பா பெயர். கணினியில் பட்டியலை அழிக்குமுன் கையால் எழுதி வைத்திருக்கிறாய். எல்லார் கண்முன்னாலும் அந்த மேசையில் திறந்து கிடந்தது. நான் மாடியில் ஒளியாமல் கீழே நின்றிருந்தால் ஒரே பார்வையில் படித்திருப்பேன், ஓடிப்போய் மேடமிடமும் சொல்லியிருப்பேன். சந்தேகப்பட்டது சரிதான், பட்டியலை நீ கொண்டுதான் போனாய். அது எதற்காக என்பதில்தான் முழுக்கத் தப்பாகப் போனேன்.

பத்துப் பெயருக்குப் பக்கத்தில் டிக் இருந்தது. பதினொன்றாவது, படிப்பை விட்டுப் போன அந்தப் பையன். சரவணன். அவன் பெயருக்குப் பக்கத்தில், 'நம்பர் இல்லை. கோலா பிலா தோட்டம். சிஐடி ஊர்ப்பக்கம்' என்று எழுதி, கீழே ஒரு கோடு இழுத்து விட்டிருந்தாய்.

என்னிடம் கேட்டிருந்தால் ஒரே நாளில் கண்டுபிடித்திருப்பேன். நீ கேட்க முடியாதபடி நான் நடந்துகொண்டேன்.

தோட்டத்துக் கோயில் தலைவரைப் பிடித்து அவன் அம்மாவின் எண்ணை வாங்கினேன். "காலேஜ் விஷயமா பேசணும்மா, ஒங்க மகன் சரவணன்..." என்று தொடங்கினேன்.

"எந்தக் காலேஜு? நீ ஏமாத்துற ஸ்கேமரா?" என்றார் அந்த அம்மா. "போன வாரம்தான் ஒருத்தன் போலீஸ்னு பேசுனான். வைம்மா போன!"

வைத்துவிட்டார். இரண்டாவது தடவை எடுக்கவே இல்லை. எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் வைத்திருப்பேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நேரில் போனேன். செம்பனை மரங்களுக்கு நடுவே பழைய லயத்து வரிசை வீடுகளில் வங்காளதேசத்துக்காரர்கள் துணி காயப் போட்டிருந்தார்கள். நம் ஆட்கள் நாலைந்து வீடுதான் மிச்சம். அந்த அம்மா இரும்புக் கம்பிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "ஐசி காட்டு" என்றார். காட்டினேன். கம்பி வழியாக வாங்கி, படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். புது வேலையின் நியமனக் கடிதத்தைக் காட்டினேன், அதைத் தொடவே இல்லை.

"எந்தத் தோட்டம் நீ?"

சொன்னேன்.

"யார் மவ?"

அப்பா பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அந்தப் பழைய டிவிஷன்ல பால்மரம் சீவுனாரே, ஒரு காது கேக்காது?"

"ஆமாம்மா."

பூட்டைத் திறந்தார்.

உள்ளே உட்கார்ந்து, கோடு எப்படிப் பெயரை இரண்டாக வெட்டியது என்று என்னால் முடிந்தவரை சொன்னேன். அவர் கணினியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நான் முடிக்கும்வரை முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டே இருந்தார்.

"அப்ப அவன் அனுப்புனானா?" என்று கேட்டார்.

"அனுப்பிட்டாம்மா. நேரத்தோட அனுப்பிருக்கான். பதினாலு பக்கம்."

"அவன் சொன்னாம்மா. அவங்க அப்பா கைய ஓங்கிட்டாரு. நான் சூடம் அணைச்சு சத்தியம் பண்ணுடான்னேன். சாமி மேடையில சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணான், கை பொசுங்க. அப்பவும் நம்பல நாங்க. காலேஜு கம்பியூட்டர் பொய் சொல்லுமாடான்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவன் எதையுமே சொல்றதில்ல. வருவான், சாப்புடுவான், போவான். அவங்க அப்பா அப்படியே போயிட்டாரு."

சரவணன் இப்போது ஜொகூரில் லோரி ஓட்டுகிறான். அந்த அம்மா என் முன்னாலேயே கைபேசியை எடுத்தார். ஒலிபெருக்கியைப் போட்டது தெரிந்து செய்ததா, கை தவறியதா என்று எனக்குத் தெரியவில்லை.

"எங்கப்பா இருக்கே?"

"ஓட்டிக்கிட்டு இருக்கேம்மா. என்னா?"

"ஓரமா நிப்பாட்டு."

"என்னாம்மா? ஒடம்புக்கு ஏதும்...?"

"நிப்பாட்டுடா மொதல்ல. நிப்பாட்டிட்டியா?"

இன்ஜின் சத்தம் அடங்கியது.

"நீ அன்னிக்கு அனுப்பிட்டியாம்டா," என்றார் அந்த அம்மா. "காலேஜ்லேருந்து வந்து சொல்றாங்க. நீ அனுப்பிட்டியாம். அம்மாதாண்டா நம்பல."

 சாலையில் வேறு வண்டிகள் போகும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நான் எழுந்து வாசலுக்குப் போய் நின்றுகொண்டேன்.

மேல்முறையீட்டுக்கு இந்த வாரம் சாட்சிக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். நான் இப்போது அங்கே பணியில் இல்லை, ஐசி எண்ணோடு முழுப் பெயரும் போட்டேன். இத்தனை வருடம் கழித்து எடுத்துக்கொள்வார்களா என்று தெரியாது, எடுத்துக்கொள்ளாமல் இருக்க என்னென்ன சொல்வார்கள் என்று மட்டும் தெரியும். சரவணன் திரும்பிப் படிக்க வருவானா என்பதும் தெரியாது. நோட்டில் டிக் போடவில்லை.

அன்றைக்குத் தோட்டத்திலிருந்து வெளியே வந்து, சாலை ஓரத்தில் காடியை நிறுத்தினேன். உன் எண்ணை நான் கைபேசியிலிருந்து அழித்து வெகுகாலம் ஆகிறது. விரல் தானாகப் போட்டது. யாரும் எடுக்கமாட்டார்கள் என்று நினைத்துத்தான் அழைத்தேன். மூன்றாவது மணியில் ஒரு பெண் எடுத்தாள். உன் எண்ணை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. "சியாப்பா?" என்று மலாயில் கேட்டாள், யார் என்று. குரலில் சந்தேகம். நான் வைத்திருக்கலாம். வைக்கவில்லை. "நான்தாண்டி நம்பல," என்று தமிழில் சொன்னேன். அந்தப் பெண்ணுக்குத் தமிழ் புரிந்திருக்காது. ஆனாலும், "சாலா நொம்போர், கக்," என்றாள், தவறான எண் அக்கா என்று, கொஞ்சம் இரக்கமாகவே சொல்லிவிட்டு வைத்தாள்.